குளத்தில் மீன் போடும் திருடன்

"சார், என் குளத்துல யாரோ மீனைப் போடுறாங்க."

துப்பறியும் அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், வீட்டில் பிணம் கிடப்பதாகச் சொல்பவர் மாதிரி இதைச் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பட்டாசு குறிப்பெடுக்கத் திறந்த பேனாவை மூடினாள்.

"எடுக்கிறாங்கன்னு சொல்ல வந்தீங்களா?"

"இல்லம்மா. போடுறாங்க. நல்லாக் கொழுத்த கெண்டை மீனுங்க."

"அந்த ஆள் அப்படியே எங்க வீட்டு பீரோ பக்கமும் வருவாரான்னு கேட்டுச் சொல்லுங்க. சாவியை வாசல்லயே வெச்சிடுறேன்."

அவளுக்குப் பட்டாசு என்று பெயர் வைத்தவர் அவளுடைய பள்ளிக்கூடத்து ஆசிரியை. எதிரே ஜன்னலோரம் அமர்ந்து ஆரஞ்சுப் பழத்தைச் சுளை சுளையாக, நார் நாராக உரித்துக்கொண்டிருந்த அவளுடைய பாஸுக்கு நிதானம் என்று பெயர் வைத்தது ஊர். துப்பறியும் நிபுணர் என்றால் பாய்ந்து ஓடுவார், சுவரேறிக் குதிப்பார் என்று நம்பி வருகிறவர்கள் அவரைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். நிதானம் படியிறங்குவதற்கே யோசிப்பவர்.

கீழே இருந்த வெல்டிங் பட்டறையின் சத்தம் ஓயும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்: "மீன் கூடினா உங்களுக்கு லாபம்தானே?"

"நான் நேர்மையானவன் சார். அடுத்தவன் மீனை வித்துக் காசு பார்க்க மனசு ஒப்பல."

"உங்க மீனே நல்லாக் கொழுத்திருக்கலாமே. தீனி நல்லாப் போட்டா..."

"அதெப்படி சார் கொழுக்கும்?" என்று சட்டென்று கேட்டவர், கேட்ட வேகத்திலேயே இருமினார். "அதாவது... இந்த அளவுக்குக் கொழுக்காதுன்னு சொல்ல வந்தேன். அடுத்த வாரம் மீன் பிடிப்பு. அதுக்குள்ள ஆளைக் கண்டுபிடிச்சாகணும்."

நிதானம் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். கண்கள் மட்டும் அந்த மனிதரின் முகத்தில் இருந்தன. உள்ளே போன கண்கள், கீழே கருவளையம், உட்கார்ந்த இடத்திலேயே சரியும் தலை. மீன் வந்து சேரும் அதிர்ஷ்டசாலிக்கு இருக்கவேண்டிய முகம் இல்லை அது.

"வண்டியை எடு," என்றார் பட்டாசிடம்.

"கேஸை எடுத்துக்கிட்டோமா பாஸ்?"

"நஷ்டப்பட்டவன் வந்து அழுதா அது போலீஸ் கேஸ். லாபம் வந்தவன் அழுதா அது நம்ம கேஸ்."

*

குளம் ஊருக்கு வெளியே இருந்தது. நாலு பக்கமும் மண்கரை. நடுவில் பச்சை கலந்த தண்ணீர். ஓரத்தில் தண்ணீரைக் கடைந்து அதற்குக் காற்றேற்றும் சக்கரம், அதாவது ஏரேட்டர், ஓய்ந்து நின்றது. கரையோரம் தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு கயிற்றுக் கட்டில், அடுக்கி வைத்த தீவன மூட்டைகள், ஆணியில் தொங்கும் தீவனம் அள்ளும் மக்.

"வீட்டம்மா இல்லையா?" என்று பட்டாசு கேட்டாள்.

"அவ தங்கச்சியோட நகரத்துக்குப் போயிருக்கா. ஜன்னலுக்குத் துணி எடுக்கணுமாம்."

"தீனி எத்தனை வேளை?" என்றார் நிதானம்.

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒரு நாள் தவறாது சார். வாளியைத் தட்டினாப் போதும், ஓடி வரும்."

நிதானம் ஆணியிலிருந்த மக்கை எடுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். மக்கின் அடியில் குளவி ஒன்று மண்ணால் அழகாக வீடு கட்டி, பூசி, காயவும் வைத்திருந்தது. நிதானம் மக்கை இருந்த இடத்திலேயே மாட்டினார்.

குளத்துக்காரர் வீச்சு வலையை எடுத்து வீசினார். இழுத்துப் போட்டதும் கரையில் மீன்கள் துள்ளின. பட்டாசு குனிந்து பார்த்தாள்.

"பாஸ், இது ஒரே வகுப்புப் பிள்ளைங்கதானா? பாதிப் பேர் சத்துணவு சாப்பிட்ட மாதிரி இருக்காங்க. மீதிப் பேர் உண்ணாவிரதம் இருந்த மாதிரி இருக்காங்களே."

உண்மைதான். சில மீன்கள் முதுகு திரண்டு, வயிறு உருண்டு, சின்னத் தலையோடு செல்வந்தர்களைப் போலக் கிடந்தன. மற்றவை தலை பெருத்து, உடம்பு கத்தியாக மெலிந்து, தலைக்கு வால் ஒட்ட வைத்தது போல இருந்தன.

"ஒரே நாள்ல விட்ட குஞ்சுங்களா?"

"ஒரே நாள்தான் சார்."

"எதுக்கும் ஒரு தடவை வாளியைத் தட்டிக் காட்டுங்க," என்றார் நிதானம்.

குளத்துக்காரர் தயக்கத்தோடு வாளியைத் தட்டினார். தண்ணீரில் நாலைந்து பெருந்தலைகள் எட்டிப் பார்த்தன. அவற்றின் பார்வையில் ஆசை இல்லை. பலமுறை வாக்குறுதி கேட்டு ஏமாந்த வாக்காளர்களைப் போல ஒரு சுற்று சுற்றிவிட்டு உள்ளே போயின. கொழுத்த மீன்களில் ஒன்றுகூட அசையவில்லை.

"பக்கத்துக் குளத்துல இருந்து எகிறிக் குதிச்சு வந்திருக்குமோ?" என்றாள் பட்டாசு, அடுத்த கரையைக் காட்டி. இரண்டு குளத்துக்கும் நடுவே ஒரே கரைதான். அந்தப் பக்கத்துக் குளம் சுத்தமாக, கரை செதுக்கி, பார்க்கவே லட்சணமாக இருந்தது.

"குண்டு மீன் மட்டும் எகிறிக் குதிக்குமா? நீயும் நானும் போட்டி வெச்சா யாரு தாண்டுவாங்க?"

"என்னை எதுக்கு பாஸ் இழுக்கறீங்க, தனியாவே தோத்துடுவீங்களே."

"அது யாரோட குளம்?" என்று நிதானம் குளத்துக்காரரிடம் கேட்டார்.

"அந்தப் பக்கத்துப் பேச்சு வேண்டாம் சார்."

"பேச வேண்டாம். யாருன்னு மட்டும் சொல்லுங்க."

"என் மனைவியோட தங்கச்சியைக் கட்டினவரு."

"அட, சகலை!" என்றாள் பட்டாசு.

"அப்படித்தான் சொல்லணுமாம். உறவு முறையில அதுக்கு வேற வார்த்தை இல்லையே." அவர் முகம் கடுத்தது. "மாமனார் வீட்டுல எல்லாரும் இருக்கறப்ப, என் மீனைப் பார்த்து, உயிரோட இருக்கறப்பவே கருவாடு மாதிரி இருக்கேன்னு சொன்னவன் அவன். அன்னைக்கு அறுத்துவிட்ட பேச்சுதான். வருஷக்கணக்காச்சு."

வெயில் ஏறியது. நிழலில் வண்டியை நிறுத்தலாம் என்று பட்டாசு ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு நடுக்கரைப் பக்கம் போனாள். கரையில் பள்ளம் ஒன்று வந்தது. வண்டி சாய்ந்தது. தாங்கிப் பிடித்தபோது கை ஹாரனில் அழுந்திவிட்டது.

பீம்ம்ம்ம்!

குளம் கொதித்தது.

எங்கிருந்தோ கொழுத்த கெண்டைகள் எல்லாம் அம்பு போலப் பாய்ந்து வந்தன. நடுக்கரையின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மெலிந்தவை மட்டும், இது நமக்கில்லை என்பது போல ஒதுங்கியே இருந்தன. கரைக்கு அந்தப் பக்கம், சகலையின் குளத்திலும் அதே மூலையில் அதே கூட்டம்.

"பாஸ்!" என்றாள் பட்டாசு. "எனக்கு இவ்வளவு ரசிகர்களா?"

"இன்னொரு தடவை அடி."

அடித்தாள். இரண்டு குளத்திலும் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. நிதானம் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"உங்க வீட்டு வண்டி என்ன?" என்று குளத்துக்காரரைக் கேட்டார்.

"சைக்கிள் சார்."

"அந்தப் பக்கம்?"

"ஸ்கூட்டர். கரையில நின்னு ஹாரன் அடிச்சிட்டுத்தான் தீனி போடுவான். வாளி தூக்கித் தட்டக்கூடச் சோம்பேறித்தனம்."

"ஆளை மாத்தலாம், குளத்தை மாத்தலாம்," என்றார் நிதானம். "சோறு போடுற சத்தத்தை எந்த உயிரும் மறக்காது. நீங்க இங்கேயே இருங்க. நாங்க கரையைத் தாண்டிட்டு வர்றோம்."

*

சகலை தன் ஏரேட்டர் சக்கரத்தில் சுற்றியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் நிமிர்ந்து, கேட்காமலே சொன்னார்:

"நான் யார் குளத்துல இருந்தும் எதையும் எடுக்கல."

"எடுத்தீங்கன்னு யாரு சொன்னா?" என்றார் நிதானம். "போட்டீங்க."

சகலையின் கையிலிருந்த பாசி நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"இது என்ன குற்றம்னு சட்டப் புத்தகத்துல தேடிப் பார்த்தோம்," என்றாள் பட்டாசு. "கிடைக்கல. புதுசா ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லியிருக்கோம்."

சகலை கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வேற வழி தெரியல சார். இந்த மகசூலும் கெட்டுச்சுன்னா குளத்தை விட்டுட்டு நகரத்துக்குப் போயிடறதா அவங்க வீட்டுல பேச்சு. அவருக்கு அங்க ஏதோ கிடங்குல வேலை தயாரா இருக்காம்."

"போகட்டுமே. உங்களுக்குத்தான் அவரு ஆகாதே."

"அவரு போனா எனக்கென்ன சார்? அக்கா போவாங்களே! அக்காவுக்கு ஒரு வளையல்னா தங்கச்சிக்கும் ஒரு வளையல் வேணும். அக்கா வீட்டுக்கு மாடின்னா எங்க வீட்டுக்கும் மாடி. அக்கா நகரத்துல குடியேறின மறுவாரம் எங்க வீட்டம்மா பெட்டியைக் கட்டிட்டு வாசல்ல நிப்பா. நான் அங்க போய் என்ன பண்ணுவேன்? மூணாவது மாடியில கண்ணாடித் தொட்டி வெச்சு ரெண்டு தங்கமீன் வளர்க்கவா?"

நிதானம் அவர் பக்கத்தில் கரையில் உட்கார்ந்தார்.

"அதனால உங்க மீனையே பொறுக்கி..."

"நல்ல மீனாப் பார்த்துப் பொறுக்கினேன் சார். ஞாயித்துக்கிழமை காலையில அவங்க ரெண்டு பேரும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வருவாங்க. நான் ஈரச்சாக்குல மீனைப் போட்டு எடுத்துக்கிட்டுக் கரையேறிடுவேன்."

"உங்களோட பேசாதவரு உங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றாரா?"

"நான் இல்லாத நேரம்னா வருவாரு. அவருக்கு என்மேலதான் கோவம், சாப்பாட்டு மேல இல்லையே. அக்காவைக் கூப்பிடு, பாவம், ஒத்தையில இருக்காங்கன்னு என் மனைவியைத் தூண்டிவிட்டதே நான்தான்." சொல்லும்போதே அந்தத் தந்திரத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு சார். அந்த மனுஷன் மாசக்கணக்கா மீனுக்கு ஒரு பிடி தீனி போடல. மீனெல்லாம் பாசியைத் தின்னு உயிரைப் பிடிச்சிட்டிருக்கு. ஏன்னுதான் எனக்கு விளங்கல."

பட்டாசு திரும்பினாள். "பாஸ்! காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னாரே!"

"தீவனம் அள்ளுற மக்குக்குள்ள குளவி குடும்பம் நடத்துது. தினம் ரெண்டு வேளை ஆடுற வீட்டுல எந்தக் குளவியும் கட்டடம் கட்டாது." நிதானம் எழுந்தார். "வாங்க, நீங்களும்."

"நானா? அவரு முகத்துல முழிக்க மாட்டேன்."

"உங்க மீனுங்க முழிச்சிட்டிருக்கே. வாங்க."

*

சகலை கரையேறி வருவதைப் பார்த்ததும் குளத்துக்காரர் கட்டிலிலிருந்து எழுந்தார். நிதானம் மக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் உள்ளே பார்த்தார். முகம் வெளுத்தது.

"மீன் போட்டவரு இவரு," என்றார் நிதானம். "பட்டினி போட்டவரு நீங்க. யாரு திருடன்னு இனிமே நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

குளத்துக்காரர் கட்டிலின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்தார். மறைப்பதற்கும் தெம்பு வேண்டும். அவரிடம் அது இல்லை.

"மகசூல் கெட்டா நகரத்துக்குப் போகலாம்னு என் மனைவி வாக்குக் கொடுத்திருக்கா சார். நல்லா வந்தா இனி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அதான்... எப்படியும் நஷ்டமாயிடும்னு நிம்மதியா இருந்தேன். வலையைப் போட்டா கொழுகொழுன்னு வருது! என் நஷ்டத்துல மண்ணை அள்ளிப் போடுறது யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

"அப்படி என்ன அந்தக் கிடங்கு வேலையில இருக்கு?" என்றாள் பட்டாசு.

"அங்க பகல் வேலைம்மா." அவர் அதை ஒரு பெரிய பதவியின் பெயரைப் போலச் சொன்னார். "விடியறதுக்கு முன்னாடிதான் தண்ணியில காத்து குறையும். மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்கும். அந்த நேரம் பார்த்து ஏரேட்டரைப் போடணும். ஒரு தடவை அசந்து தூங்கிட்டேன். எழுந்து வந்து பார்த்தா குளம் முழுக்க வெள்ளை வெள்ளையா மிதக்குது. அன்னையிலிருந்து படுத்தாலும் கண்ணு மூடல. காதுல அந்த வாய் பிளக்கிற சத்தமே கேட்டுக்கிட்டிருக்கு. எனக்குத் தூங்கணும் சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

"இதை வீட்டுல சொல்லியிருக்கலாமே."

"தூக்கம் வரலன்னு எவனாவது தொழிலை விடுவானா? சிரிக்க மாட்டாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. சகலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் வாடகைக் கார் ஒன்று கொட்டகை வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து அக்காவும் தங்கையும் இறங்கினார்கள். இருவர் கையிலும் ஒரே நிறத்துத் துணிப்பொட்டலம். இறங்கும்போதே சிரிப்பு. தங்கள் கணவன்மார் ஒரே கூரையின் கீழ் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"என்னடி இது, அதிசயமா இருக்கு?" என்றாள் அக்கா.

"நல்லதாப் போச்சுக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே தடவையா சொல்லிடலாம்," என்றாள் தங்கை.

"என்ன சொல்லணும்?" என்று இரண்டு கணவர்களும் ஒரே குரலில் கேட்டார்கள்.

அக்கா துணிப்பொட்டலத்தைத் தீவன மூட்டைமேல் வைத்தாள். "நாங்க நகரத்துல வீடு பார்த்துட்டு வர்றோம். மீன் பிடிப்பு எப்படி வந்தாலும் சரி, போயிடலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

"நாங்கன்னா?" என்றார் சகலை.

"நாங்க ரெண்டு வீடும்தான். எதிரெதிர் வாசல். கதவைத் திறந்தா அக்கா வீடு," என்றாள் தங்கை. "இத்தனை வருஷம் அக்கா இருக்காளே, நாம தோத்துப் போகக் கூடாதுன்னு நான் இந்த மீன் வாடையைச் சகிச்சேன். கேட்டா, நான் இருக்கேன்னுதான் அவளும் இருந்திருக்கா! ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசினப்பதான் தெரிஞ்சது."

"ஞாயித்துக்கிழமையா?" என்றார் சகலை.

"ஆமா. நல்லவேளை, அக்காவைக் கூப்பிடுன்னு நீங்க சொன்னீங்க. உங்க புண்ணியம்தான்."

பட்டாசு நிதானத்தின் காதருகே சாய்ந்தாள். "பாஸ், இந்த மனுஷன் தனக்குத் தானே இன்னும் எத்தனை குழி வெட்டி வெச்சிருக்காரு?"

சகலை தலையில் கை வைத்துக்கொண்டார். குளத்துக்காரரோ கேட்ட வரம் கிடைத்தவர். ஆனால் வரத்தோடு சேர்த்து வாசலுக்கு எதிரே சகலையையும் தினமும் காலையில் பார்க்கவேண்டும் என்பது இப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது. வாயைத் திறந்தார், மூடினார். குளத்தின் ஓரத்தில் விடியற்காலையில் மீன்கள் அப்படித்தான் செய்யும்.

சகலைதான் முதலில் பேசினார். பெண்களைப் பார்க்காமல், நேராகக் குளத்துக்காரரைப் பார்த்து. வருஷக்கணக்கில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

"சகலை."

குளத்துக்காரர் நிமிர்ந்தார்.

"நடுவுல ஒரே கரைதானே. உங்க ஏரேட்டரும் என் ஏரேட்டரும் கூப்பிடு தூரத்துலதான் இருக்கு. விடியற்காலையில ரெண்டு பேரும் எதுக்கு முழிச்சிருக்கணும்? எனக்குப் படுத்தா எழுந்திரிக்க முடியும், எழுந்தா படுக்கவும் முடியும். ரெண்டு குளத்தையும் நான் பார்த்துக்கறேன். நீங்க தூங்குங்க."

"நிஜமாவா?"

"உங்க மீனு வாயைத் திறக்கவிட மாட்டேன். அன்னைக்குக் கருவாடுன்னு சொன்னதுக்கு... அது தப்புதான். வாய்க்கொழுப்பு."

"எல்லா நாளுமா பார்ப்பீங்க?"

"உங்களுக்குத் தூக்கம் தேறுற வரைக்கும் எல்லா நாளும். அப்புறம் மாத்தி மாத்தி."

குளத்துக்காரர் ஏதோ சொல்ல வந்தார். தலையை ஆட்டினார். கட்டிலில் கொஞ்சம் சாய்ந்தார். கை தலைக்கு அடியில் போனது. அவர் சொல்ல வந்தது என்ன என்று யாருக்கும் தெரியாமலே போனது. அடுத்த மூச்சில் குறட்டை வந்துவிட்டது.

"என்னங்க!" என்று அக்கா தோளை உலுக்கப் போனாள். நிதானம் கையை நீட்டித் தடுத்தார்.

"வேண்டாம்மா. இவரு நகரத்துக்குப் போகணும்னு நின்னது இதுக்காகத்தான்."

அவர் சுருக்கமாகச் சொன்னார். மிதந்த மீன்களை, மூடாத கண்களை, பகல் வேலையை. பட்டினி போட்டதையும் சொன்னார், மறைக்கவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். கணவனின் கண்ணுக்கடியிலிருந்த கருமையைப் புதிதாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

"எங்க வீட்டு ஆளுங்களைப் பிடிக்காமத்தான் ஓடப் பார்க்கறார்னு நினைச்சேன்," என்றாள் மெல்ல. "தூக்கத்துக்காகவா?"

"அப்ப வீடு?" என்றாள் தங்கை.

"இருக்கட்டும்டி. முதல்ல அவரு எழுந்திரிக்கட்டும். அவரைக் கேட்டுட்டுச் சொல்லுவோம்."

அவர் மறுநாள் மத்தியானம் வரை எழுந்திரிக்கவில்லை. அதற்குள் அந்த வீடுகளை வேறு யாரோ பேசி முடித்துவிட்டார்கள். எழுந்தவர் முகத்தைக் கழுவிக்கொண்டு, வேறு வீடு தேட வேண்டாம் என்று சொன்னார். தங்கை ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மீன் பிடிப்பு சுமாராகத்தான் வந்தது. அதில் பாதி யாருடைய மீன் என்று சகலைகள் இருவரும் கரையில் நின்று சத்தம் போட்டுச் சண்டை பிடித்தார்கள் என்றும், ஒவ்வொருவரும் அது மற்றவருடையது என்றே சாதித்தார்கள் என்றும் பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் அன்றைக்கு, அந்தக் கொட்டகையில், குறட்டை மட்டும்தான் கேட்டது. சகலை தன் தோள்துண்டை எடுத்து, தூங்குகிறவர் முகத்தில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தார்.

"பாஸ், நம்ம ஃபீஸ்?" என்று பட்டாசு கிசுகிசுத்தாள்.

"அவரு தூங்கறாரு."

"எழுப்பிக் கேட்கலாமே."

நிதானம் அவளைப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அது அபூர்வம்.

இருவரும் வெளியே வந்தார்கள். பட்டாசு ஸ்கூட்டரில் சாவியைப் போட்டாள். நிதானம் அவள் கையைப் பிடித்தார்.

"இங்க ஸ்டார்ட் பண்ணாதே. ரோடு வரைக்கும் தள்ளிட்டே போகலாம்."

வெயில் மண்டையைப் பிளந்தது. பட்டாசு பெருமூச்சு விட்டாள். பிறகு வண்டியின் முன்பக்கத்தை அவள் பிடித்துக்கொள்ள, எதற்கும் அவசரப்படாத நிதானம் பின்னாலிருந்து தள்ள, சத்தமில்லாமல் கரையோடு போனார்கள்.